ஊர் வீட்டுக்கு ஐபி கேமராவும் சொந்தப் பதிவும்: பழைய கம்ப்யூட்டர் போதுமா?

தஞ்சாவூர் அருகே பெற்றோர் மட்டும் வசிக்கும் வீட்டுக்கு நான்கு ஐபி கேமராக்கள் பொருத்த வேண்டும், மாதச் சந்தா கேட்கும் கிளவுட் சேவை வேண்டாம், வீட்டில் சும்மா கிடக்கும் பழைய கம்ப்யூட்டரில் இலவச மென்பொருள் ஒன்றை நிறுவிப் பதிவு செய்துகொள்ளலாமா, அப்படியானால் எந்த மென்பொருள் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டிருப்பது மென்பொருளின் பெயர்தான். ஆயினும் ஏதேனும் நடந்துவிட்ட நாளில், நீங்கள் வெளியூரில் இருக்கும்போது, அந்த நேரத்துப் பதிவு அழியாமல் கிடைக்குமா, அதில் வந்தவரின் முகம் தெரியுமா என்பதே உங்கள் கவலை என்று புரிந்துகொள்கிறேன். வீடுகளுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் நெட்வொர்க் அமைத்துத் தருவது என் தொழில். பதிவு கைகொடுக்கவில்லை என்று சொல்லி வருபவர்களிடம் விசாரித்தால், குறை பெரும்பாலும் லென்ஸிலோ இரவு வெளிச்சத்திலோ மின்சாரத்திலோ கேமராவின் கடிகாரத்திலோ இருக்கும். மென்பொருளில் இருப்பது அரிது. ஆகவே மென்பொருளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எந்த இடத்தில் எவ்வளவு தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதை முதலில் தீர்மானியுங்கள். இதற்கு ஊகம் தேவையில்லை. இஎன் 62676-4 என்ற ஐரோப்பியத் தரவிதியின் 2015 பதிப்பு தெளிவான அளவுகளைத் தருகிறது. காட்சியில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 25 பிக்சல் கிடைத்தால் அங்கே ஆள் இருப்பது தெரியும். 125 பிக்சல் கிடைத்தால் ஏற்கெனவே பழகியவரை இன்னார் என்று சொல்லலாம். முன்பின் தெரியாத ஒருவரை ஐயமின்றி அடையாளம் காண 250 பிக்சல் வேண்டும். கடைகளில் பரவலாக விற்கும் 4 மெகாபிக்சல் கேமராவின் படம் 2560 பிக்சல் அகலமுடையது, அதில் 2.8 மி.மீ. லென்ஸ் இருந்தால் பார்வைக் கோணம் ஏறத்தாழ 100 டிகிரி. கணக்குப் போட்டுப் பார்த்தால், 250 பிக்சல் என்ற அடர்த்தி சுமார் நான்கு மீட்டர் தொலைவோடு முடிந்துவிடுகிறது. போர்டிகோ மூலையில் மாட்டிய அத்தகைய கேமரா வாசல் முழுவதையும் அழகாகக் காட்டும். பத்து மீட்டர் தள்ளியுள்ள கேட்டைத் திறந்து வருபவர் யார் என்று காட்டாது. அதே கேமராவில் 4 மி.மீ. லென்ஸ் இருந்தால் ஏறத்தாழ ஆறு மீட்டர் வரையிலும், 6 மி.மீ. இருந்தால் பத்து மீட்டர் வரையிலும் அந்த அடர்த்தி கிடைக்கும். அதற்கேற்பப் பார்வைக் கோணம் குறுகும். நான்கும் ஒரே மாதிரியாக வாங்குவது கடைக்காரருக்கு எளிது, உங்களுக்கு நட்டம். பரப்பைப் பார்க்க இரண்டு அகலக் கோணக் கேமராக்கள், கேட்டைப் பார்க்க 6 மி.மீ. ஒன்று, வாசற்கதவருகே வருபவரின் முகத்துக்கு ஒன்று என்று பிரித்துக்கொள்வேன். உயரம் இரண்டரை மீட்டர் முதல் மூன்று மீட்டருக்குள் இருக்கட்டும். திருடனின் கைக்கு எட்டக் கூடாது என்று மாடியளவு உயரத்தில் மாட்டினால் உச்சந்தலையும் ஹெல்மெட்டும் மட்டுமே பதிவாகும்.

மேலே சொன்ன கணக்கு பகலுக்கு உரியது. இரவில் மெகாபிக்சலைவிட ஷட்டர் வேகமே, அதாவது ஒவ்வொரு படத்துக்கும் கேமரா ஒளியை வாங்கும் நேரமே, முக்கியம். வெளிச்சம் குறைந்தால் கேமரா தானாகவே ஷட்டரை நொடிக்கு இருபத்தைந்தில் ஒரு பங்கு அல்லது அதைவிட மெதுவாக ஆக்கிக்கொண்டு, படத்தைப் பிரகாசமாகக் காட்டும். சாதாரணமாக நடப்பவர் நொடிக்கு 1.4 மீட்டர் நகர்கிறார்; நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கில் அது ஐந்தரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல். மீட்டருக்கு 250 பிக்சல் என்ற அடர்த்தியில் அது பதினான்கு பிக்சல் இழுபடும். அந்தப் படத்தில் கண், மூக்கு எதையும் பிரித்தறிய முடியாது. ஷட்டரை நூறில் ஒரு பங்குக்கு மாற்றினால் இழுபடுவது மூன்றரை பிக்சலாகக் குறையும், ஆனால் படம் இருண்டுபோகும். இதற்கு உருப்படியான தீர்வு வாசலிலும் கேட்டிலும் இரவு முழுதும் எரியும் எல்இடி விளக்குகள்தாம். கேமராவை விட்டுவிட்டு விளக்கைப் பற்றிப் பேசுகிறேனே என்று தோன்றலாம்; கேமராவில் கூடுதலாக இரண்டாயிரம் செலவழிப்பதைவிட விளக்கில் ஐந்நூறு செலவழித்தால் முகம் நன்றாகத் தெரியும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கேமராவுக்குள்ளேயே இருக்கும் அகச்சிவப்பு விளக்கு, லென்ஸுக்குப் பக்கத்தில் சிலந்தி கட்டிய வலையைத்தான் முதலில் வெளிச்சமாக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். மாதம் ஒருமுறை ஒட்டடைக் குச்சி அங்கே போய்வர வேண்டும்.

இணைப்புக்கு வைஃபை வேண்டாம், கேபிள் இழுங்கள். பிஓஇ எனப்படும் முறையில் ஒரே நெட்வொர்க் கேபிள் மின்சாரத்தையும் படத்தையும் கொண்டுசெல்கிறது. கேமராக் கேபிள்கள் வந்து சேரும் பெட்டிக்கு நெட்வொர்க் சுவிட்ச் என்று பெயர். 2003-இல் வந்த 802.3ஏஎஃப் தரத்தின்படி சுவிட்சின் ஒவ்வொரு போர்ட்டும் 15.4 வாட் வரை தரும். இரவு விளக்கு எரியும்போதும் சாதாரணக் கேமராவுக்கு அது தாராளம். கேபிளின் நீள வரம்பு 100 மீட்டர். எலக்ட்ரீஷியனிடம் முழுச் செம்பில் செய்த கேட்-6 கேபிள் வேண்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள். சிசிஏ என்று அச்சிட்டு மலிவாக விற்பது அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. அதன் மின்தடை அதிகம், வளைத்தால் ஒடியும். நீண்ட தூரத்தில் பகலெல்லாம் ஒழுங்காக ஓடிய கேமரா, இரவில் விளக்கு எரிந்து மின்தேவை கூடியதும் அணைந்து அணைந்து எரிவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

பிஓஇ-யில் இன்னொரு நன்மை, மின்வெட்டின்போது சுவிட்ச், ரவுட்டர், கம்ப்யூட்டர் ஆகிய மூன்றை மட்டும் காப்பாற்றினால் போதும். நான்கு கேமராக்களும் கூடவே உயிரோடிருக்கும். வீட்டு இன்வெர்ட்டரில் இணைப்பதானால் அதன் பின்னாலுள்ள பொத்தான் யுபிஎஸ் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண நிலையில் மின்சாரம் மாறும் அந்தக் கண நேரத்திலேயே கம்ப்யூட்டர் மறுபடி துவங்கிவிடக்கூடும். மின்சாரம் போய்த் திரும்பினால் தானாகவே துவங்கும்படி கம்ப்யூட்டரின் பயாஸில் (துவங்கும்போதே திறக்கும் அடிப்படை அமைப்புப் பக்கத்தில்) ஓர் அமைப்பு உண்டு. அதை இயக்கி வையுங்கள். இதைச் செய்யாததால் வாரக்கணக்கில் யாரும் அறியாமல் அணைந்து கிடந்த கம்ப்யூட்டர்களைப் பார்த்திருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் கேட் வரை வெளியே ஓடும் கேபிள் வழியாக மின்னலின் அதிர்வு உள்ளே வரலாம். சர்ஜ் பாதுகாப்புக் கருவி விற்கிறார்கள். நல்ல எர்த் இல்லாத வீட்டில் அதனால் பயனில்லை. எர்த் நன்றாக இருந்தாலும் அருகில் விழும் மின்னலுக்கு அது உத்தரவாதமல்ல.

கேமரா வாங்கும்போது பெட்டியில் ஆன்விஃப், ஆர்டிஎஸ்பி என்ற இரண்டும் உண்டா என்று பார்த்து வாங்க வேண்டும். ஆன்விஃப் என்பது வெவ்வேறு நிறுவனங்களின் கேமராக்களும் பதிவுக் கருவிகளும் ஒன்றோடொன்று பேசுவதற்காக ஆக்சிஸ், பாஷ், சோனி ஆகிய மூன்றும் 2008-இல் தொடங்கிய பொதுத்தரம். ஆர்டிஎஸ்பி என்பது படத்தை ஓட்டமாகப் பெற்றுக்கொள்ளும் வழி, வழக்கமாக 554-ஆம் போர்ட்டில் கிடைக்கும். இவ்விரண்டும் இல்லாத கேமரா அதன் சொந்தச் செயலிக்கு மட்டுமே அடிமை. இலவச மென்பொருள்கள் பொதுவாக அதனிடம் படம் வாங்க முடியாது. பேட்டரியில் ஓடுபவை பெரும்பாலும் இந்த வகையே. இந்தியாவில் 2025 ஏப்ரல் முதல் புதிய சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புப் பரிசோதனைச் சான்று கட்டாயமாகியிருக்கிறது. மத்திய அரசின் தரப் பரிசோதனை அமைப்பான எஸ்டிக்யூசி-யின் சான்று பெற்றதா என்று கடையில் கேளுங்கள். சான்று பெற்ற கேமராவுக்கும் கடவுச்சொல்லை நீங்கள்தான் மாற்ற வேண்டும்.

சேமிப்புக் கணக்கு எளிது. ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் அனுப்பினால் ஒரு நாளுக்கு 43.2 ஜிபி, நான்கு கேமராக்களுக்குச் சுமார் 173 ஜிபி. 2 டிபி டிஸ்க் பதினொரு நாள் தாங்கும், 4 டிபி இருபத்து மூன்று நாள் தாங்கும். எச்.265 என்ற படச் சுருக்க முறையில் பாதி இடம் போதும் என்று விளம்பரம் செய்கிறார்கள். மரம் அசையாத, ஆள் நடமாட்டமற்ற காட்சியில் அது ஓரளவு உண்மை; வேப்பமரமும் மழையும் உள்ள காட்சியில் அவ்வளவு மிச்சமாகாது. ஆகவே வாங்கும் முன் பாதியாகக் குறைத்துக் கணக்குப் போடாதீர்கள். நான்கு கேமராவின் எழுத்துச் சுமை நொடிக்கு 2 மெகாபைட்தான்; இந்த வேகம் எந்த ஹார்டு டிஸ்குக்கும் பொருட்டே இல்லை. இருபத்து நான்கு மணி நேரமும் ஓய்வின்றி எழுதுவதும் சித்திரை வெயிலில் பரண் மேல் சூடேறுவதுமே டிஸ்கின் ஆயுளைக் குறைப்பவை. கண்காணிப்புக்கென்றே விற்கும் டிஸ்க் வாங்குங்கள், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பழைய கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கும் டிஸ்கை நம்பாதீர்கள்.

பழைய கம்ப்யூட்டர் போதுமா என்பதற்கு விடை, அது எவ்வளவு பழையது என்பதைப் பொறுத்தது. கேமராவே படத்தைச் சுருக்கி அனுப்புவதால், வந்ததை வந்தபடியே டிஸ்கில் எழுதுவதற்குப் பெரிய திறன் தேவையில்லை. படத்தில் மனிதர் இருக்கிறாரா என்று ஆராய்வதற்குத்தான் திறன் வேண்டும். இதற்கு இப்போது நான் பரிந்துரைப்பது ஃபிரிகேட் என்ற திறந்தமூல மென்பொருள். லினக்ஸில், மென்பொருளைத் தனிப் பொதியாக ஓட்டும் டாக்கர் வழியாக ஓடுகிறது. ஆராய்ச்சி முழுவதும் உங்கள் வீட்டிலேயே நடக்கும். இன்டெல் ஆறாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியாக இருந்தால், அதிலுள்ள கிராபிக்ஸ் பகுதியே ஓபன்வினோ என்ற இன்டெல் மென்பொருளின் மூலம் இந்த வேலையைச் செய்துவிடும். அதைவிடப் பழையதென்றால் அந்தக் கம்ப்யூட்டரை இதற்குப் பயன்படுத்துவது வீண். மின்கட்டணத்தையும் பாருங்கள். 60 வாட் எடுக்கும் பழைய மேசைக் கம்ப்யூட்டர் நாள் முழுதும் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 86 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் யூனிட்டில் கணிசமான பகுதியை அதுவே விழுங்கிவிடும். இன்டெல் என்100 போன்ற செயலி கொண்ட சிறிய கம்ப்யூட்டர் சுமார் 10 முதல் 15 வாட்டில் இதே வேலையைச் செய்யும். இருப்பதைக் கொண்டு ஓட்டிப் பழகுங்கள். பிடித்துப்போனால் சிறியதை வாங்குங்கள். ஸோன்மைண்டர் நெடுங்காலமாக இருக்கும் நம்பகமான மென்பொருள், ஆனால் அதை ஒழுங்குபடுத்த மிகுந்த பொறுமை வேண்டும். லினக்ஸே வேண்டாம், விண்டோஸ்தான் தெரியும் என்றால் காசு கொடுத்து வாங்கும் ப்ளூ ஐரிஸ் நல்ல தேர்வு.

ஃபிரிகேட்டில் மூன்று அமைப்புகளைச் சரியாகச் செய்தால் பாதித் தொல்லை தீரும். ஒவ்வொரு கேமராவும் பெரிய படம், சிறிய படம் என்று இரண்டு ஓட்டங்கள் தரும். பெரியதைப் பதிவுக்கும், சிறியதை நொடிக்கு ஐந்து பிரேம் வேகத்தில் ஆராய்ச்சிக்கும் கொடுங்கள். கேமராவில் எச்.265+ அல்லது ஸ்மார்ட் கோடெக் என்ற பெயரில் உள்ள அமைப்பை அணைத்துவிடுங்கள். அது இடத்தை மிச்சப்படுத்துவதற்காக முழுப் பிரேம்களுக்கிடையிலான இடைவெளியை நீட்டிவிடுவதால் பதிவு துண்டுபடும். முழுப் பிரேம் நொடிக்கு ஒருமுறை வரும்படி வைத்தால் தேடிப்பார்ப்பதும் எளிதாகும். பதிவை இரவும் பகலும் தொடர்ச்சியாக வையுங்கள். மனிதர் வந்தால் மட்டும் பதிவு செய் என்ற அமைப்பு கவர்ச்சியானது; ஆனால் அடையாளம் காணும் ஆற்றல் மழையிலும், குடை பிடித்தவரிடத்தும், குனிந்து வருபவரிடத்தும், லென்ஸில் நீர்த்துளி இருக்கும்போதும் எப்படி நடந்துகொள்ளும் என்று யாராலும் உறுதி கூற இயலாது. அறிவிப்பு தவறினால் பொறுத்துக்கொள்ளலாம், பதிவு தவறினால் மீட்க வழியில்லை. அறிவிப்புகளை கேட், வாசல் ஆகிய பகுதிகளுக்கு மட்டும் வரம்பிட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் தெருவில் போகும் ஒவ்வொருவருக்கும் போன் அடித்து, இரண்டே வாரத்தில் அறிவிப்பையே நிறுத்திவிடுவீர்கள்.

பாதுகாப்பில் ஓர் உறுதியான விதி உண்டு: கேமராக்கள் இணையத்தைத் தொடவே கூடாது. 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் பெருந்தொகையாகக் கைப்பற்றியது. அந்த ஆண்டு அக்டோபரில் இணையதளப் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் டைன் என்ற சேவையின் மீது அவற்றை ஏவியபோது ட்விட்டர் உள்ளிட்ட பெரிய தளங்களே பல மணி நேரம் திணறின. வீட்டில் இதைத் தவிர்க்க எளிய வழி, கம்ப்யூட்டரில் இரண்டாவது நெட்வொர்க் கார்டு ஒன்றைப் பொருத்தி, கேமராக்கள் உள்ள பிஓஇ சுவிட்சை அதில் மட்டும் இணைப்பது. சுவிட்சுக்கும் ரவுட்டருக்கும் இடையே கேபிளே இல்லாதபோது கேமரா எங்கும் போக முடியாது. ஒரே சுவிட்சுக்குள் நெட்வொர்க்கைப் பிரிக்கும் விஎலான் அமைக்கத் தெரிந்தவர்கள் அப்படியும் செய்யலாம். இதில் ஒரு பக்கவிளைவு உண்டு: இணையம் இல்லாத கேமராவுக்குச் சரியான நேரம் தெரியாது. மின்சாரம் முழுதாகப் போய் வந்தால் சில கேமராக்கள் 1970 ஜனவரி 1 என்று காட்டத் தொடங்கும். ஆகவே கம்ப்யூட்டரிலேயே க்ரோனி என்ற நேரச் சேவையை ஓடவிட்டு, கேமராக்களின் என்டிபி முகவரியாக, அதாவது அவை நேரம் கேட்கும் முகவரியாக, அந்தக் கம்ப்யூட்டரைக் கொடுங்கள். மென்பொருள் தன் நேரத்தைக் கொண்டு கோப்புகளை அடுக்கும், படத்தின் மூலையில் தெரிவதோ கேமராவின் நேரம். இரண்டும் வேறுபட்டால் காவல் நிலையத்தில் முதல் கேள்வியே அதைப் பற்றித்தான் எழும்.

வெளியூரிலிருந்து பார்ப்பதற்காக ரவுட்டரில் போர்ட் திறக்காதீர்கள், அதாவது இணையத்திலிருந்து உள்ளே வர வழி விடாதீர்கள்; கருவிகள் தாமாகவே அப்படி வழி திறந்துகொள்ள உதவும் யுபிஎன்பி-யையும் அணைத்துவிடுங்கள். நம் நாட்டு பிராட்பேண்டில் பலருக்குத் தனி ஐபி முகவரி கிடைப்பதில்லை, ஆகவே போர்ட் திறந்தாலும் பெரும்பாலும் வேலை செய்யாது. அந்தக் கம்ப்யூட்டரிலும் உங்கள் போனிலும் டெய்ல்ஸ்கேல் நிறுவினால், வயர்கார்டு முறையில் மறையாக்கப்பட்ட தனிப்பாதை ஒன்று கிடைக்கும். வீட்டில் இருப்பது போலவே பார்க்கலாம்.

தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஒன்று கேட்கிறேன்: இதை யார் பராமரிக்கப் போகிறார்கள்? அப்டேட் செய்த மறுநாள் மென்பொருள் துவங்கவில்லை என்றாலோ டிஸ்க் பழுதானாலோ, ஊரில் கைவைக்கத் தெரிந்தவர் ஒருவராவது இருக்க வேண்டும். உங்கள் அப்பாவிடம் தொலைபேசியில் லினக்ஸ் கட்டளைகளைச் சொல்லித் தட்டச்சு செய்யவைப்பது இருவருக்கும் துன்பம். அப்படி ஒருவரும் இல்லையென்றால், பிஓஇ போர்ட்டுகளோடு வரும் என்விஆர் என்ற ஆயத்தப் பதிவுப் பெட்டியை வாங்கிவிடுங்கள் என்பதே என் நேர்மையான ஆலோசனை. அதற்குப் படத்தை ஆராயும் திறன் குறைவு, மென்பொருள் அழகில்லை. ஆனால் உள்ளூர்க் கடைக்காரரே வந்து சரிசெய்வார். கேமராக்கள் ஆன்விஃப் உடையவையாக இருந்தால் பிறகு எப்போது வேண்டுமானாலும் ஃபிரிகேட்டுக்கு மாறலாம். எந்த வழியைத் தேர்ந்தாலும், பதிவுக் கருவியையே திருடன் தூக்கிச் செல்வது நடக்கக்கூடியது. அதை டிவிக்கு அடியில் வைக்காமல் பூட்டிய அலமாரியில் வைப்பதும், கேட்டைப் பார்க்கும் கேமராவில் அதிக எழுத்தைத் தாங்கும் மெமரி கார்டு ஒன்றைப் போடுவதும் மலிவான காப்பு.

சட்டத்தைப் பொறுத்தவரை நான் வழக்கறிஞன் அல்ல. தொழிலில் தெரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவைச் சான்றாக அளிக்கும்போது, ஹாஷ் மதிப்பு (கோப்பு மாறினால் தானும் மாறிவிடும் கணித அடையாளம்) குறிப்பிட்ட சான்றிதழும் உடன் தரப்பட வேண்டும். ஆகவே சம்பவம் நடந்தவுடன் செய்ய வேண்டியது, அந்த நேரத்துப் பதிவை மேலெழுதப்படுவதற்கு முன் மூல வடிவிலேயே பிரித்தெடுத்து, ஹாஷ் கணக்கிட்டு எழுதி வைத்து, டிஸ்கை அப்படியே விட்டுவைப்பது. வாட்ஸ்அப்பில் அனுப்பியது மறுபடி சுருக்கப்பட்ட நகல். அதை மூலமாகக் கருதாதீர்கள். அண்டை வீட்டுச் சன்னலோ கொல்லைப்புறமோ காட்சிக்குள் வந்தால் கேமராவிலேயே உள்ள மறைப்பு வசதியால் அந்தப் பகுதியைக் கறுப்பாக்கிவிடுங்கள். ஒலிப்பதிவையும் அணைத்து வைப்பதே நல்லது. வாசலில் நின்று பேசும் அண்டை வீட்டாருக்கு இது தெரிந்தால் சங்கடமும் குறையும்.

எல்லாம் முடிந்தபின் ஓர் இரவு பத்து மணிக்குமேல், வீட்டாருக்கு முகம் பழக்கமில்லாத நண்பர் ஒருவரைக் கேட்டிலிருந்து வாசல் வரை சாதாரண வேகத்தில் நடக்கச் சொல்லுங்கள். பின்னர் மெயின் சுவிட்சை அணைத்துப் பத்து நிமிடம் கழித்துப் போடுங்கள். மறுநாள் காலை உங்கள் ஊரிலிருந்தே அந்தப் பதிவைத் தேடி எடுத்து, முகம் தெரிகிறதா, நேரம் சரியா, மின்சாரம் போன இடைவெளியில் பதிவு தொடர்கிறதா என்று பாருங்கள். கேட்டுக்கும் வாசலுக்கும் உள்ள தொலைவையும், அந்தக் கம்ப்யூட்டரின் செயலி எந்தத் தலைமுறை என்பதையும் எழுதினால், லென்ஸ் அளவையும் அந்தக் கம்ப்யூட்டர் தேறுமா என்பதையும் திட்டவட்டமாகச் சொல்கிறேன்.